கருப்பட்டி ஊரிலிருந்து மரச்சீனி நாட்டுக்கு

அமரவிளைப் பாலத்தைத் தாண்டித் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். நெய்யாற்றின்கரையில் ஓர் எண்ணெய் ஆலையில் சில மாதம் கொப்பரை சுமந்த வேலை அன்று காலையோடு முடிந்துபோயிருந்தது. தோளில் ஒரு துணி மூட்டை, அதற்குள் ஓர் அலுமினியத் தட்டு. நடக்கும்போது தட்டு முதுகில் தட்டிக்கொண்டே வந்தது. வெயில் ஏறித் தாகமெடுத்ததும் ரோட்டோர வீடொன்றில் தண்ணீர் கேட்டேன். அந்த வீட்டம்மா ஒரு செம்பில் கொண்டுவந்து நீட்டியது ஆவி பறக்கும் சுடுதண்ணீர். அதில் சீரகம் மிதந்தது. சித்திரை வெயிலில் வேர்த்து நிற்கிறவனுக்குச் சுடுதண்ணீர் கொடுக்கிற நாடு இது. வந்த புதிதில் என்னை நோயாளி என்று நினைத்துவிட்டார்களோ என்று ஒவ்வொரு வீட்டிலும் சந்தேகப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, இங்கே எல்லோருமே அதைத்தான் குடிக்கிறார்கள். ஊதி ஊதிக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை அந்த அம்மாளுக்கு விளக்கியிருக்க முடியாது. அந்தத் தண்ணீரோடு வேறு எதையும் அவள் கொடுக்கவில்லை. அதுதான் சந்தோஷம்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு அது புரியும். எங்கள் உடன்குடிப் பக்கத்தில் தண்ணீர் கேட்டு வந்தவனுக்குப் பானைத் தண்ணீரோடு உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியும் வைப்போம். வைக்காவிட்டால், வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள் என்று அந்த வீட்டுக்காரியைப் பற்றித் தெரு பேசும். எங்கள் செம்மணல் தேரியில் பனையைத் தவிர வேறென்ன முளைக்கிறது? காலையில் பதநீர், அப்புறம் கருப்பட்டிக் காப்பி, பிள்ளைக்குப் புட்டு, பெற்றவளுக்குக் களி, இழவு வீட்டிலும் சுக்குத் தண்ணீர். எல்லாவற்றிலும் கருப்பட்டி. எங்கள் வீட்டிலேயே காய்ச்சினோம். பக்கத்து ஊர்க்காரர்கள் என் அப்பாவின் கருப்பட்டியைத் தேடி வந்து வாங்கினார்கள். அந்த வீட்டில் பிறந்த எனக்கு இனிப்பு ஆகாது.

ஆகாது என்றால் பிடிக்காது என்று பொருளில்லை. கருப்பட்டி, சீனி, தேன், பழம், பதநீர், இளநீர் எதுவானாலும் நாக்கில் பட்ட உடனேயே வயிறு புரட்டும். மீறி விழுங்கினால் கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வேர்க்கும், கை நடுங்கும், வாந்தி வரும், கண் இருட்டும். நிறைய உள்ளே போனால் விழுந்துவிடுவேன். சோறு, கஞ்சி, மீன், பால், பயறு என்றால் ஒன்றும் செய்யாது. என் அம்மாவுக்குத்தான் இது முதலில் பிடிபட்டது. எனக்குப் பின்னால் பிறந்த தங்கை தாய்ப்பால் குடித்தவரை தளதளவென்று இருந்தாள். பால் மறக்கடித்துக் கருப்பட்டித் தண்ணீர் ஊட்டத் தொடங்கியதும் வாடினாள், தேறவில்லை. அதற்குப் பிறகு அம்மா எனக்குத் தனியாகக் குழம்பு எடுத்துவைக்கத் தொடங்கினாள். அப்பா பார்த்துவிட்டால், “கருப்பட்டிக்காரன் மவன் கருப்பட்டியத் துப்புதான், வெளிய சொன்னா யாரு நம்ம சரக்க வாங்குவான்?” என்று சத்தம் போடுவார். அவர் கவலையும் நியாயம்தான். அம்மாவின் தம்பிக்கும் இதே உடம்பு. அவர் கப்பலேறிக் கொழும்புக்குப் போய் ரொட்டியும் மீன்குழம்புமாகப் பிழைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டபோது, எனக்கும் கால் நிற்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டிருந்தேன். ஊரைவிட்டு நடந்தேன்.

இந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. தலை நரைத்த பிறகு ஒரு டாக்டர் என் கதையைக் கேட்டுவிட்டு முதலில் சொன்னது, “வாயைத் திறங்க, பல்லைப் பார்க்கணும்” என்பதுதான். ஒரு பல்லும் சொத்தையில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பழத்திலும் சீனியிலும் இருக்கிற ஒருவகை இனிப்பைப் பக்குவப்படுத்தும் சத்து என் ஈரலில் பிறவியிலேயே இல்லையாம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் சேர்ந்து வந்தால்தான் இப்படி ஆகுமாம். என் அம்மா அப்பாவுக்குச் சொந்த அத்தை மகள். மருந்து உண்டா என்று கேட்டேன். “இத்தனை வருஷம் நீங்க சாப்பிட்டதுதான் மருந்து, அதையே சாப்பிடுங்க” என்றார். நான் சொல்லவந்த காலத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், வேலை கிடைக்கும் இடத்திலெல்லாம் சாப்பாடும் கூடவே வரும், சாப்பாட்டில் இனிப்பு ஒளிந்திருக்கும் என்பது மட்டும்தான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் வயிற்றைப் பற்றிப் பொய் சொல்லாமல் சாப்பிட்டு வேலை செய்ய ஓர் இடம்.

நெய்யாற்றின்கரையில் நான் முதலில் உண்மையைத்தான் சொன்னேன். ஆலையில் கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்து, பாலும் சீனியும் இல்லாத என் கட்டன்சாயாவில் ஒருவன் சீனியைக் கலக்கிவைத்தான், சோதனைக்காம். நான் கொப்பரைக் குவியலுக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தேன். பாண்டிக்காரனுக்கு நடிக்கவும் தெரியும் என்று சொன்னார்கள். தமிழனுக்கு அங்கே அதுதான் பெயர். அதற்குப் பிறகு பொய்தான் கைகொடுத்தது. ஒரு நாள் பல்வலி, ஒரு நாள் முருகனுக்கு விரதம், ஒரு நாள் வயிற்றுக்கடுப்பு. வயிற்றுக்கடுப்புப் பொய் வினையாகப் போயிற்று. இரக்கப்பட்ட ஒருவர் வைத்தியரிடம் கூட்டிப்போக, அவர் உருட்டிக் கொடுத்த லேகியத்தில் பாதிக்கு மேல் சர்க்கரையும் தேனும். அதை வாங்கி வாயில் போடுவதுபோல் போட்டுக் கைக்குள் பிடித்துக்கொண்டேன். இந்த நாட்டுச் சாப்பாட்டையும் அங்கேதான் படித்தேன். விருந்து இலையில் எரிசேரி என்றால் பூசணியின் இனிப்பு இருக்கும். இஞ்சிக் கறியில் சர்க்கரை உண்டு. புளிசேரியில் ஏத்தம்பழம், அதாவது பழுத்த நேந்திரம்பழம் கிடக்கும். எதைத் தள்ளவேண்டும் என்பது தெரிந்துவிட்டால் எந்த நாட்டிலும் இருந்துவிடலாம். என்னைப் போன்ற உடம்போடு வெளியூர் போகிறவர்கள் அந்த ஊர்ப் பாஷையைக் கற்பதற்கு முன்னால் அந்த ஊர்க் குழம்பைக் கற்றுக்கொள்ளுங்கள்.

தள்ள முடியாதது பாயசம். முதலாளியின் பேரனுக்கு முதல் சோறு கொடுக்கும் நாளில் ஆலைக்காரர்கள் எல்லோருக்கும் இலை போட்டார்கள். பந்தியில் முதலாளியின் அண்ணன் என் எதிரே நின்றுகொண்டு இலையில் பாயசத்தை ஊற்றச் சொன்னார். நான் எரிசேரியைத் தள்ளியது, இஞ்சிக் கறியை மறைத்தது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இலையை மடித்தேன். குழந்தைக்குச் சோறு கொடுத்த நாளில் பாயசத்தோடு இலையை மடிப்பது அந்த வீட்டுக்குச் சாபம் கொடுப்பது மாதிரியாம். எனக்கு அது தெரியாது. அதோடு அந்தக் காலத்தில் எதற்கும் ஓர் அரசியல் பொருள் இருந்தது. தமிழ்ப் பேச்சுள்ள தாலுகாக்களை மதராசோடு சேர்க்கவேண்டும் என்று ஒரு கூட்டம், ஒரு பிடி மண்ணையும் விடமுடியாது என்று ஒரு கூட்டம். “நம்முடெ சோறு வேணும், நம்முடெ பாயசம் வேண்டா அல்லே?” என்றார் அண்ணன். மறுநாள் காலை கணக்குப்பிள்ளை என் மூட்டையை வாசலுக்குக் கொண்டுவந்தார். அவரும் நல்லவர்தான், மூட்டையைக் கீழே போடாமல் கையில் கொடுத்தார். அப்படித்தான் அந்தப் பாலத்துக்கு வந்து சேர்ந்தேன்.

உதியன்குளங்கரையைத் தாண்டிப் பாறசாலைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கொல்லயில் பக்கம் திரும்பும் விலக்கில் ஓலை வேய்ந்த ஒரு சாயாக்கடை. முன்னால் இரண்டு பெஞ்சு, உத்தரத்தில் ஒரு பழக்குலை, கண்ணாடிப் பெட்டிக்குள் பலகாரம். பின்னாலிருந்து மரச்சீனி வேகும் வாசம் வந்தது. மரவள்ளிக்கிழங்குக்குத்தான் இங்கே மரச்சீனி என்று பெயர். பெயரில் சீனி இருக்கிறதே என்று முதல் வாரம் பயந்து அதைத் தொடாமல் இருந்தவன் நான். தொட்ட பிறகு விடவில்லை. கிழங்கை வெட்டி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பும் மஞ்சளும் போட்டுச் சாளை மீன் குழம்போடு தருவார்கள். இங்குள்ளவர்கள் அதைப் பற்றிக் கொஞ்சம் வெட்கத்தோடு பேசுவார்கள். அரிசி இல்லை, மரச்சீனிதான் இருக்கிறது, மன்னிக்கணும் என்பார்கள். எனக்கோ எவனோ என் ஈரலை விசாரித்துவிட்டுச் சமைத்த சாப்பாடு போல இருந்தது. ஊரில் இத்தனை வருஷம் பந்திக்குப் பயந்து வளர்ந்தவனுக்கு ஒரு நாடு முழுவதும் இலை போட்டு வைத்திருந்தது. அந்த வாசத்துக்குத்தான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கடைக்காரர் கேசவன் என்ற மலையாளி. கட்டைகுட்டையான ஆள், தோளில் எப்போதும் ஈரத்துண்டு. அவர் மனைவி சாரதா பின்கட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். மரச்சீனி இறக்க நேரமாகும், இரு என்றார். இருந்தேன். அப்போது ரோட்டில் கோஷம் கேட்டது. ஊர்வலம் முடிந்து தொண்டர்கள் வந்தார்கள், தமிழ்க் கட்சிக்காரர்கள். தொண்டை கட்டி, முழங்கால் வரை புழுதி. அவர்களுக்குத் தலைவன் மாதிரி முன்னால் வந்தவர் செல்லையன், நெட்டையான வாழை விவசாயி. ஊர்வலம் என்றாலும் திருவிழா என்றாலும் கேசவன் கடையில்தான் கருப்பட்டிக் காப்பி என்பது அந்த விலக்கின் வழக்கம். இந்த மண் யாருக்கு என்று பகல் முழுவதும் கத்திவிட்டு, எதிர்ப்பாஷைக்காரர் கடையில் வரிசையாக உட்கார்ந்து காப்பி குடிப்பதில் யாருக்கும் ஒரு கூச்சமும் இல்லை. கேசவன் வெளியே அடுப்பில் ஒரு கிடாரம் நிறையக் காய்ச்சி வைத்திருந்தார்.

என் பேச்சைக் கேட்டதும் செல்லையனுக்குச் சந்தோஷம்.

“உனக்க ஊரு எங்க மக்கா?”

“திருநவேலிப் பக்கம்ணே.”

“அப்பிடிச் சொல்லு. எலே, நம்ம ஆளாக்கும் இது. கேசவா, இவனுக்கும் ஒரு காப்பி குடு.”

“எனக்கு வேண்டாம்ணே. விரதம்.”

“புதனாழ்ச்ச என்ன விரதம்? எந்தச் சாமிக்கு?”

எனக்கு உடனே ஒரு சாமியும் வாயில் வரவில்லை. பின்னால் நின்ற ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். “இவன நான் நெய்யாத்தங்கரையில பாத்திருக்கேன். அந்த எண்ணெ ஆலையில உள்ளவன். அந்த மொதலாளி மத்தக் கூட்டமாக்கும்” என்றார். அவ்வளவுதான். யார் யார் ஊர்வலத்தில் வந்தார்கள் என்று முகம் பார்த்துச் சொல்ல ஆளை அனுப்பியிருக்கிறார்கள், அதனால்தான் நம் காப்பியைத் தொடமாட்டேன் என்கிறான் என்று ஆளுக்கொரு வாயாகப் பேச்சு வளர்ந்தது. காலையில் பாயசத்துக்காக என்னைத் தமிழ்க் கட்சி என்று துரத்தினார்கள். சாயங்காலம் காப்பிக்காக மலையாளக் கட்சி ஆகிவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது தப்பாகப் போயிற்று.

“சிரிக்கியா? நம்ம ஆளுன்னா ஒரு வாய் குடி பாப்போம்” என்று செல்லையன் கிளாஸை என் கையில் வைத்தார்.

ஒரு மிடறு தாங்கும் என்று நினைத்தேன். நடந்து வந்த களைப்பில் காலையிலிருந்து வயிறு காலி என்பதை மறந்துவிட்டேன். குடித்தேன். அவர் கிளாஸின் அடியைக் கையால் தூக்கிவிட்டார், அன்போடுதான். பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது.

என் முதுகில் தட்டினார்கள். பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். தேரிக்காட்டில் மழை உண்டா என்று விசாரித்தார்கள். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெற்றியில் வேர்வை முட்டியது. கை நடுங்கி மூட்டை கீழே விழுந்தது. ரோட்டோரம் எழுந்து போக நினைத்தேன், இரண்டு எட்டுத்தான் வைக்க முடிந்தது. வாந்தியெடுத்தபடியே விழுந்தேன். அதற்கப்புறம் காது மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்தது. “காப்பியில என்னமோ கலக்கியிருக்கு” என்று ஒரு குரல். கிளாஸ்கள் தரையில் விழுகிற சத்தம். நாலைந்து பேர் தொண்டையில் விரலை விட்டு ஓங்கரித்தார்கள். ஒருவர் ஐயோ எனக்கு வயிறு எரியுதே என்று தரையில் உட்கார்ந்து அழுதார். கேசவனின் ஈரத்துண்டைச் செல்லையன் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தது மங்கலாகத் தெரிந்தது.

“எலே கேசவா, பத்து வருசமா உனக்க கையால குடிச்சிருக்கேன். யாருக்குச் சொல்லிச் செய்த?”

“எந்தா செல்லையா நீ பறயுந்நது? எனக்குண்டு ரெண்டு பெண்பிள்ளைகள். விடு கையை. இந்நா, நோக்கு.”

கேசவன் கழுத்துத் துண்டோடேயே கிடாரத்துப் பக்கம் செல்லையனை இழுத்துக்கொண்டு போய், அகப்பையால் மொண்டு மொண்டு குடிக்கத் தொடங்கினார். சூடு வாயைப் பொசுக்கியிருக்கவேண்டும், நடுநடுவே ஊதுகிற சத்தமும் கேட்டது. இதற்கிடையில் எனக்கு வேறொரு ஆபத்து வந்தது. மயங்கினவனுக்கு இந்தப் பக்கத்திலும் சரி, எங்கள் பக்கத்திலும் சரி, உலகத்தில் ஒரே மருந்துதான். சீனித் தண்ணீர். நல்ல மனசுள்ள ஒருவர் என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “சீனி வெள்ளம் கொண்டு வாங்க, இளநி இருந்தா அதையும் சீவுங்க” என்று கத்தினார். கிளாஸ் உதட்டில் பட்டது. அந்த ஒரு கிளாஸ் உள்ளே போயிருந்தால் நான் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். பேச வரவில்லை. என் சொத்தையில்லாத பல்லால் எனக்கு வாழ்நாளில் கிடைத்த பெரிய உபகாரம் அதுதான். “பல்லு கிட்டிப்போச்சு, கரண்டிய விட்டு நெம்புங்க” என்றார் அந்த நல்லவர்.

கரண்டி கேட்டுப் பின்கட்டுக்குப் போனவரோடு சாரதா வெளியே வந்தாள். குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். கிட்டிப்போனவன் கண்ணால் கெஞ்சமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். “கரண்டி வேண்டா. அவன் வேணும்னு வெச்சுக் கடிச்சிருக்கான்” என்றாள். என்னிடம், “நினக்கு எந்தா வேண்டது? மெள்ளெப் பற” என்றாள். இனிப்பு வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். “கஞ்சி. உப்பு” என்றேன். அவ்வளவுதான் வந்தது. மத்தியானக் கஞ்சியின் அடியை வழித்துக் கரைத்து, உப்புப் போட்டுக் கொண்டுவந்து, ஒரு பிலாவிலையைக் கரண்டி மாதிரிக் கோட்டி அதால் மொண்டு மொண்டு வாயில் விட்டாள். முதல் இலையை வாந்தியெடுத்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை, அடுத்த இலையை நீட்டினாள். அப்புறம் நின்றது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது. கண்ணைத் திறந்து பார்த்தபோது செல்லையன் இன்னும் கேசவனின் துண்டை விடவில்லை. கேசவன் இன்னும் அகப்பையை விடவில்லை.

அப்போது உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை. இத்தனை காலம் யாரும் நம்பாததால் மறைத்துவந்த ஒன்றை, ஒரு மனிதனின் கழுத்தில் கை இருக்கும்போது சொல்லி நம்பவைக்கவேண்டும்.

“அண்ணே, அவர விடுங்க. காப்பியில ஒண்ணும் இல்ல. கருப்பட்டிதான். எனக்குக் கருப்பட்டி ஆகாது. பிறந்ததுலேருந்தே.”

செல்லையன் துண்டை விடாமலே என் பக்கம் திரும்பினார்.

“கருப்பட்டி ஒரு மனுசனுக்கு வெசமாட்டு இருக்குமா? உனக்க ஊரு எதுன்னு சொன்ன?”

“உடன்குடிண்ணே.”

“உடன்குடிக்காரனுக்குக் கருப்பட்டி ஆவாதா” என்று செல்லையன் திரும்பக் கேட்டார். “எலே, கடப்புறத்துக்காரன் மீனு ஆவாதுண்ணு சொல்லுத மாதிரி இருக்கு. கேசவனக் காப்பாத்தச் சொல்லுதியா?”

“அப்ப உங்க எல்லாருக்கும் ஏன் ஒண்ணும் ஆகல?”

அவர்கள் தங்கள் தங்கள் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். கேசவன் அதற்குள் கிடாரத்தில் பெரும்பகுதியைக் காலி செய்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். வேர்வையைத் தவிர அவரிடம் ஒரு குறையும் இல்லை. “எரியுதே, எரியுதே” என்று தரையில் உட்கார்ந்து அழுதவர் மட்டும் இன்னும் அழுதுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் நின்றவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“ஓய், நீரு எப்ப காப்பி குடிச்சீரு? உம்மக்க கிளாஸு இன்னும் நிறைஞ்சுல்லா இருக்கு.”

அழுகை நின்றது. அவர் தன் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். ஒரு துளிகூடக் குறையவில்லை. சாரதாதான் முதலில் சிரித்தாள். பிறகு அந்த விலக்கு முழுவதும் சிரித்தது. புழுதியும் வாந்தியுமாகக் கிடந்த நானும் சிரித்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அந்த மனிதர் எழுந்து நின்று, அவமானத்தை முடித்துவைக்கிற மாதிரி, கிளாஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “கொள்ளாம்” என்றார், நன்றாக இருக்கிறதாம். செல்லையன் கையிலிருந்த துண்டை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றார். அதை உதறி மடித்துக் கேசவனின் தோளில் பழையபடி போட்டுவிட்டார்.

“இன்னொரு கிடாரம் போடும்” என்றார். “இருந்தத நீரே குடிச்சுத் தீத்தீரு.”

“இனி வெறும் சாயா உள்ளூ. காப்பிக்குக் கருப்பட்டி தீர்ந்து” என்றார் கேசவன்.

எனக்கு மரச்சீனி வந்தது. மேலே மஞ்சள் பூத்து, பக்கத்தில் சாளைக் குழம்பு. சிவந்த மிளகாய், தேங்காய், குடம்புளி. கேள்வி கேட்காமல் சாப்பிடக் கூடிய குழம்பு. தொண்டர்கள் பெஞ்சைச் சுற்றி நின்று நான் தின்பதை யானை தின்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். என் தட்டில் இன்னொரு மீனை வைத்தார் செல்லையன். “இது ஆவுமா?” “ஆகும்ணே.” “இது?” “அதுவும் ஆகும்.” அவர் முகத்தில் ஒரு நிம்மதி. தெரியாமல் கிளாஸின் அடியைத் தூக்கிய கை அது. மன்னிப்புக் கேட்பதற்கு அந்தக் கைக்கு மீன் வைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எல்லோரும் போன பிறகு கேசவன் என் எதிரே உட்கார்ந்து, ஏதோ மாடு வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல விசாரித்தார்.

“ஏத்தம்பழம் தின்னுவியா?”

“மாட்டேன்.”

“பழம்பொரி?”

“அதுவும் மாட்டேன்.”

“சர்க்கரை? தேன்? உண்ணியப்பம்?”

“எதுவும் ஆகாதுண்ணே.”

நான் ஒவ்வொன்றாக இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்குள் பழைய பயம் ஏறியது. இவ்வளவு நொட்டை சொல்கிறவனை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் கேசவனின் முகமோ விளக்குத் தூண்டினது போல மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். “சாரதே, ஆளெக் கிட்டி.” கடைக்கு ஆள் கிடைத்துவிட்டதாம்.

அவருடைய கடையில் அதுவரை வேலைக்கு நின்றவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகத்தான் போனார்களாம். குலையில் பழம் குறையும், பெட்டியில் பலகாரம் குறையும், கருப்பட்டி தானாகவே தேயும். எறும்புக்குப் பழி போடுவார்கள். இப்போது எறும்பைவிட நம்பகமான ஆளை ஏதோ ஒரு சாமி புதன்கிழமை விரதத்தோடு அனுப்பியிருக்கிறது என்றார். எனக்குத் தனிச்சட்டியில் குழம்பு வைக்கவேண்டுமே என்று நான் இழுத்தேன். “தனிச்சட்டி எந்தினு? நாங்க திந்நுந்நதுதன்னெ இது” என்றாள் சாரதா. பிறந்ததிலிருந்து எனக்கென்று ஒளித்து எடுத்துவைத்த சோற்றையே தின்று வளர்ந்தவன் நான். என் சாப்பாடும் வீட்டுச் சாப்பாடும் ஒன்றாக இருந்த முதல் வீடு அதுதான். அதுவும் என் பாஷை பேசாத வீடு. பிற்காலத்தில் மதராசோடு சேரும் தாலுகாக்களைப் பிரித்துக் கோடு போட்டுக் களியக்காவிளையை அந்தப் பக்கமும் பாறசாலையை இந்தப் பக்கமும் ஆக்கினார்கள். செல்லையன் அன்று கடை முன்னால் நின்று கண்கலங்கினார், கேசவன் அவருக்குக் காப்பி கொடுத்தார். அந்தப் பக்கம் போய்விடலாமே என்று என்னைப் பலர் கேட்டார்கள். என் ஊர் அந்தப் பக்கம்தான். என் சட்டி இந்தப் பக்கம் இருந்தது.

மறுநாள் காலை வேலையை எடுத்தேன். கருப்பட்டி தீர்ந்துவிட்டதால் விடியலில் வந்து இறங்கிய புதுச் சிப்பத்தைப் பிரிக்கச் சொன்னார் கேசவன். பனையோலைச் சிப்பத்தின் முடிச்சைப் பார்த்ததுமே கை நின்றது. தேரிக்காட்டில் போடுகிற முடிச்சு, இடதுபக்கம் மடித்து உள்ளே செருகுவது. நானும் அப்பாவோடு உட்கார்ந்து எத்தனையோ போட்டிருக்கிறேன். பிரித்ததும் வாசம் எழுந்தது. புகையும் மணலும் எங்கள் வீட்டு முற்றமும் அதில் இருந்தன. அம்மாவின் சேலைத் தலைப்பும்கூட. கல்லை எடுத்து உடைத்தேன். விரலில் தூள் ஒட்டியது. வேறு எவனாக இருந்தாலும் நக்கியிருப்பான், நான் வெந்நீரில் கழுவினேன். வாசம் போகவில்லை. காப்பி கொதிக்கத் தொடங்கியபோதுதான் கேசவனுக்கு ஒன்று உறைத்தது, காய்ச்சுகிறவனால் ருசி பார்க்க முடியாதே என்று. அதற்கும் வழி கண்டுபிடித்தோம். முதல் கிளாஸைச் செல்லையனிடம் நீட்டி, இனிப்புப் போதுமா அண்ணே என்று கேட்டேன். “இன்னும் ஒரு கட்டி போடு மக்கா” என்றார். அடுத்ததை மற்றக் கட்சிக்காரர் ஒருவரிடம் நீட்டினேன். “மதி, மதி” என்றார் அவர், போதுமாம். ஓர் அடுப்பில் எங்கள் ஊர்க் கருப்பட்டி கரைந்துகொண்டிருந்தது. மற்ற அடுப்பில் எனக்கும் சேர்த்து மரச்சீனி வெந்துகொண்டிருந்தது. நான் நடுவில் நின்று இரண்டுக்கும் விறகு தள்ளினேன்.